செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி: அண்டை நிலத்தாரோடு சேர்ந்து எலியைக் கட்டுப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில், நிபோங் திபால், சுங்கை பாக்காப், சுங்கை ஜாவி, சிம்பாங் அம்பாட் வட்டாரங்களில் 5 ஏக்கர், 10 ஏக்கர் என்று செம்பனை வைத்திருக்கும் குடும்பங்கள், எலித் தொல்லையைத் தீர்க்கக் கூகையைத் துணைக்கு அழைக்க விரும்பினால், எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் மூன்று குழுக்களோடு சேர்ந்து, ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பெட்டிகளை நிறுத்தியிருக்கிறேன். தடுமாறியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள்: பெட்டியை முதலில் நிறுத்திவிட்டு, பக்கத்து நிலத்துக்காரரிடம் பிறகு பேசினார்கள். வரிசை அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்.

நூல்களில் கூகை என்று வரும் பறவையைத் தோட்டங்களில் நாம் ஆந்தை என்றே சொல்கிறோம். மலாய்க்காரர்கள் புங்குக் ஜெலாப்பாங் என்பார்கள். இதய வடிவில் வெள்ளை முகமும் வெளிறிய மார்பும் கொண்டது. இருட்டில் கூவாமல் கிறீச்சிடும். இந்த வழிகாட்டியில் ஆந்தை என்று வரும் இடமெல்லாம் இந்தப் பறவையையே குறிக்கும்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

முதல் தேவை நிலம். தோட்டங்களில் 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் தொடங்குவது வழக்கம். அது சுமார் 25 ஏக்கர். உங்களிடம் 6 ஏக்கர் இருந்தால், ஒரு பெட்டிக்கு உரிய நிலத்தில் கால் பங்குதான் உங்களுடையது. மீதி முக்கால் பங்கு அண்டை நிலத்தாருடையது. ஆந்தை எல்லைக்கல்லைப் பார்த்து வேட்டையாடுவதில்லை என்பதால், இந்த வேலை தொடக்கத்திலிருந்தே கூட்டு வேலைதான்.

இரண்டாவது தேவை நான்கு ஆட்கள். ஒருவர் நிலத்தாரோடு பேச வேண்டும். ஒருவர் கணக்கு எழுத வேண்டும். ஒருவர் ஏணி ஏற வேண்டும். ஒருவர் எலி மருந்தைப் பூட்டி வைத்து, எடுத்துக் கொடுத்து, குறிப்பு வைக்க வேண்டும். ஒரே ஆளே நான்கையும் செய்யத் தொடங்கிய குழு, அவர் உடல்நலம் குன்றிய மாதத்தில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பொறுமைக்கான கால அளவு. இந்த வழிகாட்டியின் முதல் ஐந்து படிகளுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். நான்காம் மாதத்தில்தான் பெட்டி வர வேண்டும்.

வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2010 இந்தப் பறவைக்குக் காப்பு அளிக்கிறது. ஆகவே எங்கிருந்தோ ஒரு சோடியைப் பிடித்து வந்து பெட்டியில் விடும் எண்ணம் வேண்டாம். செபராங் பிறையின் தோட்டங்களிலும் வயல்களிலும் ஆந்தைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவாக இருப்பது முட்டையிடப் பாதுகாப்பான பொந்து மட்டுமே. உங்கள் பக்கத்தில் உண்மையிலேயே ஆந்தை இல்லை என்று தெரிந்தால், பெர்ஹிலித்தான் எனப்படும் வன உயிர்த் துறையின் அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்லும் வழியில் மட்டும் செல்லுங்கள்.

2. நிலப்படம் வரைதல்

ஒரு பெரிய அட்டையில் உங்கள் நிலத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் வரை யார் யாருடைய நிலம் இருக்கிறது என்று வரையுங்கள். கைப்பேசியில் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு வரைந்தால் போதும், அளவையாளர் தேவையில்லை.

ஒவ்வொரு துண்டு நிலத்திலும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: உரிமையாளர் பெயர், மரத்தின் வயது, பழம் வெட்டுவது யார், எலி மருந்து வைப்பது யார். நான்காவது விவரத்தைத்தான் புதியவர்கள் எழுதாமல் விடுகிறார்கள். உரிமையாளர் பட்டர்வொர்த்திலோ கோலாலம்பூரிலோ வேலையில் இருப்பார். நிலத்தைப் பார்ப்பது குத்தகையாளர். மருந்து வாங்குவது குத்தகையாளரின் மேற்பார்வையாளர். கையால் வைப்பது மூன்று மாதம் முன்பு வந்து சேர்ந்த தொழிலாளி. உரிமையாளரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால், மருந்து வைக்கும் கைக்குச் செய்தி போய்ச் சேராது.

நெல்வயல் பக்கத்தில் இருந்தால் அதையும் குறியுங்கள். சுங்கை ஆச்சே பக்கம் போல வயலும் செம்பனையும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில், அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் உணவும் மறைவும் தேடிச் செம்பனைக்குள் நுழைகின்றன. எந்த மாதம் அறுவடை என்று தெரிந்தால்தான், திடீரென்று சேதம் கூடும்போது உங்கள் திட்டம் தோற்றுவிட்டது என்று தவறாக முடிவு செய்யாமல் இருப்பீர்கள்.

நெடுஞ்சாலையையும் பெரிய சாலைகளையும் சிவப்பில் குறியுங்கள். தாழப் பறந்து வேட்டையாடும் இந்தப் பறவை, வண்டிகளில் அடிபட்டு இறப்பது மிகுதி. வடக்கு தெற்கு விரைவுச்சாலை நம் பக்கத்தை ஊடறுத்துச் செல்வதால் இந்தக் கோடு முக்கியமானது.

3. எலிச் சேதத்தை எண்ணுதல்

கணக்கில்லாமல் யாரிடமும் பேசப் போகாதீர்கள். “எலி அதிகம்” என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். தொடங்கும்போது எண்ணி வைத்தால்தான், ஓராண்டு கழித்து ஆந்தை பயன் தந்ததா என்று சொல்ல முடியும்.

பத்து வரிசைக்கு ஒரு வரிசை என்று தேர்ந்து, அந்த வரிசையில் உள்ள எல்லா மரங்களையும் பாருங்கள். ஒவ்வொரு மரத்திலும் புதுக் கடி இருக்கிறதா, பழைய கடி இருக்கிறதா, இரண்டும் இல்லையா என்று மட்டும் குறியுங்கள். பழம் வெட்டுவதற்கு முதல் நாள் எண்ணுவது நல்லது. வெட்டிய பிறகு எண்ணினால் சேதப்பட்ட குலைகள் லாரியில் போயிருக்கும்.

புதுக் கடியையும் பழைய கடியையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும். புதுக் கடியில் சதை மஞ்சளாக, ஈரமாக, விரலில் தொட்டால் எண்ணெய் ஒட்டும்படி இருக்கும். பல் பதிந்த இரட்டைக் கோடுகள் தெளிவாகத் தெரியும். பழைய கடி கறுத்து, நார் காய்ந்து, தேங்காய் மட்டையின் நுனிபோல் நிற்கும். பழைய கடியையும் சேர்த்து எண்ணினால், எலி போன பிறகும் மருந்து வைத்துக்கொண்டிருப்பீர்கள். புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் எண்ணிக்கைப் பிழை இதுதான்.

எண்ணிய மரங்களில் புதுக் கடி உள்ளவை 5 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை தேவை என்பது தோட்டங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டாம். 4, 5ஆம் படிகளில் நிலத்தாரோடு உடன்பாட்டை முடித்துவிட்டு, மருந்துச் சுற்று இல்லாமலே 6ஆம் படிக்குப் போகலாம்.

ஆண் பூக்களையும் பார்த்து வையுங்கள். மகரந்தச் சேர்க்கைக்காக 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிறு வண்டு, வாடிய ஆண் பூவில்தான் முட்டையிட்டுப் புழுவாக வளர்கிறது. அந்தப் புழுக்களை எலி தின்கிறது. குலையில் தெரியும் கடி பாதிக் கதைதான். வண்டு குறைந்தால் காய்பிடிப்பும் குறையும். இதை நிலத்தாரிடம் சொல்லும்போது, பூவைக் கையில் எடுத்துக் கிழிபட்ட இடத்தைக் காட்டினால் விரிவான விளக்கம் தேவைப்படாது.

4. அண்டை நிலத்தாரைச் சந்தித்தல்

கூட்டம் போட்டு அழைக்க வேண்டாம். முதலில் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டிலோ நிலத்திலோ தனியாகச் சந்தியுங்கள். கூட்டத்தில் முதலில் பேசுபவர் மறுத்துவிட்டால், ஒப்புக்கொள்ள நினைத்தவர்களும் அமைதியாகிவிடுவார்கள். தனியாகச் சந்தித்துப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட பிறகு கூடினால், அந்தக் கூட்டம் வேலைகளைப் பிரித்துக்கொள்ளும் கூட்டமாக அமையும்.

நம்மவர்களிடம் வரும் முதல் தடை சகுனம். “தம்பி, அது வீட்டுப் பக்கம் கத்தினா நல்லதில்லப்பா” என்று ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதை மூடநம்பிக்கை என்று வாதாடியவர்கள் யாரும் ஒரு கையெழுத்தும் வாங்கியதில்லை. வாதாடுவது மரியாதையும் அன்று. நான் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். ஒன்று, வீட்டுக்கும் கோயிலுக்கும் கேட்கும் தூரத்தில் பெட்டி வைக்க மாட்டோம் என்ற உறுதி. இரண்டாவது, கருடன்.

நம் கோயில் குடமுழுக்கில் கலசத்துக்கு மேலே வட்டமிடும் கருடன், செத்ததையும் தின்னும் பறவை. நஞ்சுண்டு தடுமாறித் திரியும் எலியும், செத்துக் கிடக்கும் எலியும் அதற்கு எளிதான இரை. ஆந்தைக்காக மனம் இரங்காத பெரியவர்கள்கூட, கருடன் நஞ்சு தின்னும் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் உண்மையாகவே கவலைப்படுவதைத்தான் சொன்னேன். அதனால்தான் அது எடுபட்டது என்று நினைக்கிறேன்.

மலாய் நிலத்தாரைச் சந்திக்க வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள்; தைப்பூச வாரத்தில் நம்மவர்களைத் தேடிப் போகாதீர்கள்; சீனப் புத்தாண்டுக்கு முன்பின் பத்து நாள் சீனரிடம் செல்லாதீர்கள். உடன்பாட்டுத் தாளை மலாயில் எழுதி, தமிழிலும் சீனத்திலும் ஒவ்வொரு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் தம் மொழியில் படித்து ஒப்புக்கொண்டதை எளிதில் மீற மாட்டார்.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரியைத் தொடக்கத்திலேயே அழையுங்கள். 40.46 ஹெக்டருக்குக் குறைந்த நிலமுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வது அவர்களின் பணி. நீடித்த செம்பனை எண்ணெய் உற்பத்திக்கான எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 சனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்டதால், உங்கள் அண்டை நிலத்தாரில் பலர் ஏற்கெனவே ஒரு சான்றிதழ்க் குழுவில் சேர்ந்திருப்பார்கள். புதிய குழு தொடங்குவதைவிட, இருக்கும் குழுவின் கூட்டத்தில் அரைமணி நேரம் கேட்டு வாங்குவது எளிது. அதோடு, எலி மருந்துக் குறிப்பேடும் ஆந்தைப் பெட்டிக் குறிப்பேடும் சான்றிதழ்த் தணிக்கையின்போது காட்டத் தகுந்த ஆவணங்கள்.

எல்லையில் பெரிய தோட்டம் இருந்தால் நிர்வாகிக்குக் கடிதம் கொடுங்கள். பெரிய தோட்டங்கள் பலவற்றில் ஏற்கெனவே ஆந்தைப் பெட்டிகள் உண்டு. எந்த மருந்து, எந்த மாதம் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் போதும்.

5. நஞ்சு உடன்பாடு

இந்தப் படியை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஏன் என்று என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

முதல் முறை, எங்கள் குடும்ப நிலத்தில் யாரையும் கேட்காமல் ஒரு பெட்டி நிறுத்தினேன். ஐந்தாம் மாதம் ஒரு சோடி வந்தது. குஞ்சுகளின் சீறல் கேட்கத் தொடங்கிய சில வாரத்தில், ஒரு காலை, பெட்டிக்கு நேர் கீழே பெரிய பறவை ஒன்று கிடந்தது. காயம் இல்லை. அலகின் ஓரத்தில் மட்டும் இரத்தம் ஒரு கோடாகக் காய்ந்திருந்தது. இறக்கையைத் தூக்கினேன், கைக்கு எடையே இல்லை. மேலே நான்கு குஞ்சுகளில் இரண்டு இறந்திருந்தன. பக்கத்து நிலத்தில் அதற்கு முந்தைய வாரம் நீலநிற மெழுகுக் கட்டிகள் வைத்திருந்தார்கள். வைத்தவருக்கு அங்கே ஆந்தை இருப்பதே தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை; சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

நஞ்சு வேலை செய்யும் விதம் தெரிந்தால் இந்தச் சாவு புரியும். எலி மருந்துகளில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி உடனே சாகாது. பல நாள் உயிரோடு, நாளுக்கு நாள் மந்தமாகி, பகலிலும் வெளியே திரியும். அந்த மந்தமான எலிதான் ஆந்தை கையில் முதலில் சிக்கும். புரோடிபக்கும், புரோமாடியோலோன், புளோகுமாபென் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் எலியின் உடலிலும், பிறகு ஆந்தையின் ஈரலிலும் நெடுநாள் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். வார்பரின், குளோரோபாசினோன் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் ஒப்பீட்டளவில் விரைவாக உடலிலிருந்து வெளியேறுகின்றன. அவையும் தீங்கற்றவை அல்ல; ஆந்தைக்கு ஆபத்து குறைவு என்பதே உண்மை.

உடன்பாட்டில் எழுத வேண்டியவை ஐந்து.

முதலாவது, இரண்டாம் தலைமுறை மருந்தை யாரும் வைக்கக் கூடாது. மருந்தின் விற்பனைப் பெயரை நம்பாதீர்கள். ஒரே நிறுவனம் இரண்டு வகையையும் ஒத்த உறையில் விற்கும். உறையின் பின்பக்கத்தில் உள்ள வேதிப்பொருளின் பெயரைப் படிக்க வேண்டும். தடைக்குரிய பெயர்களையும் அனுமதிக்குரிய பெயர்களையும் ஓர் அட்டையில் அச்சிட்டு, மருந்து வாங்கப் போகிறவரின் பணப்பையில் இருக்கும்படி கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, வீட்டில் மீந்திருக்கும் பழைய மருந்தை என்ன செய்வது என்பது. இதை எழுதாமல் விட்டால், “காசு கொடுத்து வாங்கியது வீணாகக் கூடாது” என்று யாராவது ஒருவர் அதை வைத்தே தீர்வார். எங்கள் குழு மீந்த கட்டிகளைப் பொதுப் பணத்தில் திரும்ப வாங்கிப் பூட்டி வைத்தது. எங்கே ஒப்படைக்கலாம் என்று விவசாயத் துறையிடம் கேட்டுக்கொள்ளலாம். எரிக்கவோ ஆற்றில் போடவோ வேண்டாம்.

மூன்றாவது, மருந்து வைக்கத் தேவைப்பட்டால் எல்லா நிலத்திலும் ஒரே வாரத்தில் வைக்க வேண்டும். ஒருவர் இந்த மாதம், இன்னொருவர் அடுத்த மாதம் என்று வைத்தால், காலியான நிலத்துக்குப் பக்கத்து நிலத்து எலி குடிபெயரும். ஆண்டு முழுவதும் எங்காவது நஞ்சு இருந்துகொண்டே இருக்கும்.

நான்காவது, வைக்கும் முறை. மரத்துக்கு ஒரு கட்டி. 4 நாளுக்கு ஒரு முறை பார்த்து, தின்னப்பட்ட இடத்தில் மட்டும் புதிது வைக்க வேண்டும். தின்னப்பட்டவை 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தும் அளவைச் சொல்லிக் கொடுக்காவிட்டால், கட்டி தீரும்வரை வைத்துக்கொண்டே இருப்பார்கள். சுற்று நடக்கும் நாள்களில் செத்த எலிகளைக் கையுறையோடு பொறுக்கி ஆழமாகப் புதைப்பதும் இதே வேலையின் பகுதி.

ஐந்தாவது, குத்தகையாளரும் கையெழுத்திட வேண்டும். குத்தகையாளர் மாறினால் புதியவரிடம் புதிய கையெழுத்து வாங்குவது உரிமையாளரின் பொறுப்பு. தொழிலாளர்களிடம் நேரில், அவர்களுக்குப் புரியும் மொழியில், ஆந்தையின் படத்தைக் காட்டிப் பேசுங்கள். படத்தைப் பார்த்ததும் எந்த மரத்தில் அது உட்காரும் என்று எனக்கே சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான்.

சேதம் மிகுந்திருக்கும் நிலத்தில் ஆந்தை மட்டும் எலியைக் குறைத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எலி ஆந்தையைவிடப் பல மடங்கு விரைவாகப் பெருகும். முதல் தலைமுறை மருந்தால் ஒரே சுற்றில் குறைத்து, அந்தக் குறைந்த நிலையிலேயே வைத்திருக்க ஆந்தையை நம்புவதுதான் சரியான வரிசை. மருந்துச் சுற்று முடிந்து ஒரு மாதம் ஆன பிறகே பெட்டி நிறுத்த வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி.

6. எலிக்குச் சாப்பாட்டையும் மறைவிடத்தையும் குறைத்தல்

உதிரிப்பழத்தைப் பொறுக்காமல் விட்ட நிலத்தில் எந்தப் பெட்டியும் பயன் தராது. பழம் வெட்டிய அன்றே உதிரியைப் பொறுக்க வேண்டும். அது உங்கள் வருமானமும்தான். மரத்தடி வட்டத்தைச் சுத்தமாக வைத்திருங்கள். திறந்த தரையில் ஓடும் எலிதான் ஆந்தையின் கண்ணுக்கும் காதுக்கும் அகப்படும். வெட்டிய மட்டைகளை மரத்தடியில் குவிக்காமல் இரண்டு வரிசைக்கு இடையில் அடுக்குங்கள்.

மறுநடவு நிலத்தில் கூடுதல் கவனம் தேவை. வெட்டிச் சாய்த்த பழைய மரத்துண்டுகளுக்குள் எலி பெருகி, இளங்கன்றின் குருத்தைக் கடித்துக் கன்றையே கொன்றுவிடும். முதல் ஆண்டு முழுவதும் கன்றைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள்.

எலியைத் தின்னும் மற்ற உயிர்களை அடிக்காமல் இருப்பதும் இந்தப் படியில் சேரும். சாரைப்பாம்பு, நாகம், சிறுத்தைப் பூனை, பகலில் வேட்டையாடும் கருந்தோள் பருந்து எல்லாம் எலி தின்பவை. பெரோக் என்னும் பன்றிவால் குரங்கைப் பற்றி நம் நிலத்தாருக்கு நல்ல எண்ணம் இல்லை. ஆனால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தையும் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பேராக்கின் செகாரி மெலிந்தாங் காட்டை ஒட்டிய செம்பனையில் ஆய்ந்து 2019இல் வெளியிட்டது வேறு செய்தி. ஒரு பெரோக் கூட்டம் ஆண்டுக்கு 3,000க்கு மேற்பட்ட எலிகளைக் கொல்கிறது என்றும், குரங்கு தின்னும் பழம் விளைச்சலில் 0.56 விழுக்காடு மட்டுமே என்றும், குரங்கு தவறாமல் வந்துபோகும் நிலத்தில் எலிச் சேதம் சுமார் 10 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்குக் கீழே வரக்கூடும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். காட்டோரத்தில் நிலமுள்ளவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

7. பெட்டி செய்தல்

60 செண்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் இருந்தால் ஒரு சோடியும் ஐந்தாறு குஞ்சுகளும் இருக்கப் போதும். வாசல் 15 செண்டிமீட்டர் அகலம், 20 உயரம். வாசலுக்கு உள்ளே பாதி நீளத்தில் ஒரு தடுப்புப் பலகை வைத்தால், உள்ளறை இருட்டாக இருக்கும். ஆந்தை இருட்டைத் தேடித்தான் வருகிறது. தடுப்பு இல்லாத பெட்டிகளில் எங்களுக்கு மைனாதான் வந்தது.

வாசலின் கீழ் விளிம்பு தரைப்பலகையிலிருந்து 15 செண்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் குஞ்சுகள் நகர்ந்து விழும். தரைப்பலகையில் நான்கைந்து சிறு துளைகள் போடுங்கள். பின்பக்கத்தில் கீல் வைத்த கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். கதவில்லாத பெட்டியைச் சுத்தம் செய்ய முடியாது.

கூரைக்கு வெறும் தகரம் போடாதீர்கள். பிற்பகலில் உள்ளே கைவைத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். பலகைக் கூரையின் மேல், விரலளவு இடைவெளி விட்டுத் தகரம் வைத்து, நான்கு பக்கமும் நீட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் மட்டும் வண்ணம் பூசலாம். உட்பக்கம் பூச வேண்டாம்.

8. இடம் தேர்ந்து நிறுத்துதல்

பெட்டி தரையிலிருந்து 4 முதல் 5 மீட்டர் உயரத்தில், தனிக் கம்பத்தில் இருக்க வேண்டும். செம்பனை மரத்திலேயே கட்டினால் பழம் வெட்டும்போது அதிர்வு வரும். எலியும் பாம்பும் எளிதில் ஏறும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைச் சிமெண்டில் ஊன்றி, நடுவில் வழுவழுப்பான தகடு சுற்றினால் ஏறுவது தடைபடும்.

வாசலுக்கு எதிரே பறந்து வரத் திறந்த வழி இருக்க வேண்டும். ஆகவே மண்சாலை ஓரமும் வடிகால் ஓரமும் நல்ல இடங்கள். வாசல் மேற்குப் பார்க்க வேண்டாம்; பிற்பகல் வெயிலும், மேற்கிலிருந்து காற்றோடு அடித்துவரும் மழையும் நேரே உள்ளே போகும். விரைவுச்சாலையிலிருந்து குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளி வையுங்கள். நீங்கள் வாக்களித்தபடி, வீடுகளிலிருந்தும் கோயிலிலிருந்தும் தள்ளியிருக்கிறதா என்று அந்த மூதாட்டியையோ அவர் வீட்டாரையோ அழைத்துக் காட்டிய பிறகே குழி தோண்டுங்கள்.

பெட்டி யார் நிலத்தில் நிற்கிறது என்பதில் மனத்தாங்கல் வரும். சேதம் யாருக்கு அதிகமோ அவர் நிலத்தில் வைக்கக் கேட்பார்கள். ஆந்தையின் வேட்டை எல்லை ஒன்றோடொன்று கலந்து கிடப்பதாலும், கூட்டின் அருகை மட்டுமே அது காப்பதாலும், எல்லைக்கோட்டின் மேலோ பொதுப் பாதையிலோ வைத்தால் எல்லாருக்கும் ஒரே பயன் கிடைக்கும் என்று படத்தை விரித்துக் காட்டுங்கள்.

9. காத்திருத்தலும் கவனித்தலும்

சில பெட்டிகளுக்கு இரண்டு மாதத்தில் ஆந்தை வரும். சிலவற்றுக்கு ஓராண்டும் ஆகும். முதல் மூன்று மாதத்துக்குள் பெட்டியை இடம் மாற்றாதீர்கள். தேனீயோ குளவியோ கூடு கட்டிவிட்டால் பழக்கமுள்ளவரை வைத்து அப்புறப்படுத்துங்கள்; மைனா வைக்கோலை அடைத்துவிட்டால் கதவைத் திறந்து எடுத்துவிடலாம்.

மாதத்துக்கு ஒரு முறை, தரையிலிருந்தே பாருங்கள். வாசலுக்குக் கீழே வெள்ளைக் கோடுகளாக வடிந்த எச்சமும், கம்பத்தடியில் கருநிற உருண்டைகளும் இருந்தால் ஆந்தை குடியேறிவிட்டது. அந்த உருண்டை, செரிக்காத மயிரையும் எலும்பையும் ஆந்தை கக்கியது. புதிதாக இருக்கும்போது வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும். காய்ந்தால் சாம்பல் நிறமாகிப் பொடியும்.

உருண்டைகளை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து பிரிக்க வேண்டும். எலிக் காய்ச்சல் நம் நாட்டில் உள்ள நோய் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. ஒருமுறை கோயில் மண்டபத்துப் பின்புறத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் உட்கார்ந்து பிரித்தோம். ஒரே உருண்டையிலிருந்து இரண்டு மண்டை ஓடுகளும், செம்மஞ்சள் நிறத்தில் வளைந்த முன்பற்களும் வெளிவந்தன. குழுவில் சேரத் தயங்கிக்கொண்டிருந்த ஒரு நிலத்தார், பற்களை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக் கையெழுத்திட்டார்.

பெட்டிக்குக் கீழே நிலத்தார் பெயரோடு குறிப்பேடு ஒன்று வையுங்கள். தேதி, உருண்டை எண்ணிக்கை, ஆந்தை இருந்ததா, எழுதியவர் பெயர் ஆகிய நான்கும் போதும். அதற்கு மேல் எழுதச் சொன்னால் இரண்டாம் மாதமே நின்றுவிடும்.

10. முட்டை, குஞ்சுக் காலம்

ஒரு ஈட்டில் பெரும்பாலும் நான்கு முதல் ஏழு முட்டை. அடைகாப்பு சுமார் 30 நாள். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். அடைகாக்கும் காலத்தில் கதவைத் திறக்கவே கூடாது. தாய் கூட்டை விட்டுப் போய்விடக்கூடும். பார்த்தே ஆக வேண்டும் என்றால், குஞ்சுகளின் சீறல் கேட்கத் தொடங்கிய பிறகு, நீண்ட குச்சியில் கைப்பேசியைக் கட்டி அரை நிமிடத்துக்குள் படம் எடுத்து இறங்கிவிடுங்கள். படத்தைப் பொது இடத்தில் இடத்தின் பெயரோடு பகிராதீர்கள். குஞ்சைப் பிடிக்க ஆள் வருவார்கள்.

முட்டைகள் ஒரே நாளில் இடப்படாததால் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் சிறிதுமாக இருக்கும். கடைசிக் குஞ்சு இறப்பது இரை குறைந்த காலத்தில் இயல்பு. எல்லாக் குஞ்சும் ஒரே வாரத்தில் இறந்தாலோ, பெரிய பறவை இறந்தாலோ அது நஞ்சின் அடையாளமாக இருக்கலாம். அன்றே எல்லா நிலத்தாருக்கும் செய்தி அனுப்பி, யாரிடம் என்ன மருந்து இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். பயந்தவர் மருந்தை மறைப்பார், மறைத்த மருந்து மறுபடி வெளியே வரும்.

கீழே விழுந்த குஞ்சு காயமில்லாமல் சீறினால், துணியில் எடுத்துப் பெட்டிக்குள் திரும்ப வையுங்கள். மனிதர் தொட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று. தண்ணீர் புகட்டாதீர்கள், கோழி இறைச்சி ஊட்டி வீட்டில் வளர்க்காதீர்கள். காயம் இருந்தால் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்துப் பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

குஞ்சுகள் பறந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு முறை பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள். உருண்டைகள் மிதிபட்டு அடியில் கெட்டியான தளமாகிவிடும். தளம் உயர உயர வாசலின் விளிம்பு தாழ்ந்து, அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் விழத் தொடங்கும்.

11. ஆறு மாதக் கணக்குக் கூட்டம்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 3ஆம் படியில் எண்ணிய அதே வரிசைகளை அதே ஆட்கள் எண்ண வேண்டும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நிலத்தாரின் பெயரோடு ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் வையுங்கள். சேதம் குறையாத நிலம் இருந்தால், அங்கே பெட்டி சேர்ப்பதற்கு முன்பு உதிரிப்பழத்தையும் மட்டை அடுக்கையும் பாருங்கள். நான் பார்த்தவரை, பத்தில் ஏழு முறை காரணம் அங்கேதான் இருந்தது.

5 விழுக்காட்டைத் தாண்டிய நிலத்தார் மருந்து கேட்டால் மறுக்காதீர்கள். மறுத்தால் இரவில் வைப்பார். எல்லாரும் சேர்ந்து, முதல் தலைமுறை மருந்தால், ஒரே வாரத்தில் ஒரு சுற்று நடத்துங்கள். குஞ்சு உள்ள பெட்டிக்குப் பக்கத்து வரிசைகளில் மட்டும் குஞ்சு பறக்கும் வரை தள்ளிவையுங்கள்.

நிலம் கைமாறுவதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பிள்ளைகள் நிலத்தை விற்றாலோ குத்தகைக்கு விட்டாலோ, புதியவர் முதல் பழம் வெட்டும் வாரத்துக்குள் தாளோடும், மருந்துப் பெயர் அட்டையோடும், பிரித்த உருண்டை ஒன்றைப் போட்ட கண்ணாடிப் புட்டியோடும் அவர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.